பின்னால் இடமில்லாத கரையில்: உருள்வீச்சும் தூண்டில் தடியின் நீளமும்

இலண்டனின் தென்பகுதியில் எம்மவர் பெருமளவில் வாழும் குறொய்டன், மிச்சம், கொலியர்ஸ் வூட் ஆகிய இடங்களை ஒட்டி வொண்டில் என்னும் சிற்றாறு ஒன்று ஓடுகின்றது. குறொய்டனிலும் கார்ஷால்ற்றனிலும் சுண்ணப்பாறையின் அடியிலிருந்து ஊற்றெடுத்து, வொண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸ் நதியுடன் கலக்கும் இவ்வாற்றின் பாலங்களை நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கின்றோம். ஆயினும் அதன் நீரில் மீன்கள் வாழ்கின்றன என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1960களில் கழிவுநீர் வாய்க்காலாகவே கருதப்பட்ட ஆறு இது. பின்னர் தொண்டர்களின் பல ஆண்டு உழைப்பினால் துப்புரவாக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஆற்றில் கலந்த இரசாயனத்தால் ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தபோதும் அது மீண்டும் உயிர்பெற்றது. இன்று அங்கே ட்றவுட், சப், பாபல் முதலிய மீன்கள் உள்ளன. நெல்சன் தளபதி மேர்ட்டனில் வாழ்ந்த நாட்களில் தூண்டில் போட்டதும், தூண்டில் நூல்கள் எழுதிப் புகழ்பெற்ற பிரெடெரிக் ஹல்போர்ட் 1868இல் பொய் ஈத் தூண்டிலைப் பழகத் தொடங்கியதும் இதே ஆற்றில்தான்.

இக்கரைகளில் எமது பிள்ளைகள் சிலரும் இப்போது தூண்டில் தடியுடன் நிற்கக் காண்கின்றோம். வரவேற்கத்தக்க செய்தி. ஆனால் அவர்களுட் பலர் சில வாரங்களிலேயே இதனைக் கைவிட்டு விடுகின்றனர். பின்னால் நிற்கும் மரத்தில் முள் சிக்குகின்றது. நடைபாதையில் செல்வோர் முகஞ்சுளிக்கின்றனர். நூல் முன்னே செல்லாமல் காலடியில் குவிகின்றது. 'தடி கட்டையாக இருக்கிறது, நீளமானது வாங்கினால் சரிவரும்' என்று எவரேனும் சொல்ல, தந்தையார் மேலதிக நேர வேலை செய்து சேர்த்த பணம் இன்னொரு தடிக்குப் போகின்றது. அதன் பின்னரும் நூல் காலடியிலேயே குவிகின்றது. தடியின் நீளம் எதனைத் தரும், எதனைத் தராது என்பதை முதலில் அறிந்துகொண்டால் இப்பணமும் பிள்ளையின் ஆர்வமும் வீணாகா.

எடையற்ற இரையும் எடையுள்ள நூலும்

ஊரில் களப்பிலும் குளக்கட்டிலும் தூண்டில் போட்டவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். அங்கே ஈயக்குண்டின் எடைதான் தங்கூசியை இழுத்துச் செல்கின்றது. பொய் ஈத் தூண்டிலில் இது தலைகீழானது. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். எனவே வீசப்படும் நூலே எடையுள்ளதாகச் செய்யப்படுகின்றது. நாம் வீசுவது இரையை அன்று, நூலை. நூலின் முனையில் கட்டிய மெல்லிய தங்கூசியும் ஈயும் அதன் பின்னே போகின்றன.

நூலை வீசுவதற்குத் தடி வளையவேண்டும். வளைந்த தடி நிமிரும்போதுதான் நூல் பறக்கும். வழமையான தலைக்குமேல் வீச்சில், நூலை முதலில் முதுகுக்குப் பின்னால் முழுநீளத்துக்கும் பறக்கவிட்டு, அது நீண்டு நிமிர்ந்ததும் முன்னோக்கி இழுப்பார்கள். பின்னால் நீண்ட நூலின் எடையே தடியை வளைக்கின்றது. பத்து மீற்றர் முன்னே வீச விரும்பினால் ஏறக்குறைய அதேயளவு வெளி பின்னாலும் வேண்டும். நகரத்து ஆற்றங்கரையில் அவ்வெளி ஏது? ஒருபுறம் மரம், மறுபுறம் வேலி, இடையே குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்லும் தாய். இத்தகைய இடத்தில் பின்னோக்கிப் பறக்கும் முள் ஒரு குழந்தையின் கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

இதற்கென உள்ள முறையே ஆங்கிலேயர் 'றோல் காஸ்ற்' என்று கூறுவது. நாம் இதனை உருள்வீச்சு என்போம். இதில் நூல் முழுவதும் பின்னால் பறப்பதில்லை. முனைப்பகுதி எப்போதும் முன்னேயுள்ள நீரிலேயே கிடக்கும்.

உருள்வீச்சு நிகழும் விதம்

முதலில் தடியின் முனையை நீர்மட்டத்துக்கு அருகில் தாழ்த்தி, நூலின் தளர்ச்சியை நீக்கவேண்டும். பின்னர் தடியை மெதுவாக உயர்த்திப் பின்னோக்கிக் கொண்டுவரவேண்டும். நூல் நீரின்மேல் வழுக்கி வரவேண்டுமேயன்றி, நீரைக் கிழித்துக்கொண்டு வரக்கூடாது. தடியைச் சற்று வெளிப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டால் நூல் உடலில் உராயாது. கை காதளவு உயர்ந்து, தடி தலைக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்த நிலையில் நிறுத்தவேண்டும்.

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். நிறுத்தியபின் காத்திருக்கவேண்டும். தடிமுனையிலிருந்து நூல் பின்புறமாகத் தொய்ந்து, வளைந்து, பக்கத்திலுள்ள நீரைத் தொடும். பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குத் தடி நேர்கோடாகவும் நூல் அதன் வயிறாகவும் ஆங்கில எழுத்து 'டி' போலத் தோன்றும். இதனை 'டி' வளையம் என்பர். நீரில் கிடக்கும் மிகுதி நூலுக்கு நங்கூரம் என்று பெயர். வளையத்தின் எடையும், நங்கூரத்தை நீர் பற்றிப் பிடிக்கும் பிடியும் சேர்ந்தே தடியை வளைக்கின்றன. தலைக்குமேல் வீச்சில் பின்னால் பறக்கும் நூல் செய்யும் வேலையை இங்கே இவை இரண்டும் செய்கின்றன.

காத்திருந்தபின் முன்னோக்கிய வீச்சு. மெதுவாகத் தொடங்கி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, இறுதியில் சடுதியாக நிறுத்தவேண்டும். தலைக்கு நேர்மேலே மணிக்கூட்டின் பன்னிரண்டு என்று கொண்டால், முன்னே பத்து மணி நிலையில் தடி நிற்கவேண்டும். அந்த நிறுத்தத்தில் தடி நிமிர, நூல் ஒரு சக்கரம்போல் உருண்டு முன்னே செல்லும். நிறுத்தாமல் தடியை நீர்வரை அடித்து இறக்கினால் வளையம் அகன்று, நூல் நீரில் குவியும். பலத்தைக் கூட்டினால் குவியல் பெரிதாகுமே தவிர தூரம் கூடாது.

நங்கூரத்தின் அளவும் முக்கியமானது. நீரில் அதிக நூல் கிடந்தால் அது ஒட்டிக்கொள்ளும், வீச்சின் வலு அதனை உரித்தெடுப்பதிலேயே போய்விடும். மிகக் குறைவாகக் கிடந்தால் நங்கூரம் வழுக்கி, நூல் பின்னால் பறந்து சவுக்குப்போல் ஒலிக்கும். வீசும் திசையும் நூல் கிடக்கும் கோட்டுக்குச் சற்று உட்புறமாக இருக்கவேண்டும். நூலின் குறுக்கே வீசினால் ஒன்றையொன்று வெட்டிச் சிக்கலாகும்.

ஊரில் வீச்சுவலை எறிபவரைக் கண்டவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் புரியும். வலையைக் கையிலும் தோளிலும் ஒழுங்காக ஏந்தி, உடலைத் திருப்பி, ஒரு கணம் அமைந்த பின்னரே அவர் எறிவார். அவசரப்பட்டு எறிந்த வலை விரிவதில்லை.

நீளம் தருவதும் எடுப்பதும்

இனி நீளத்துக்கு வருவோம். ஒற்றைக் கையால் வீசும் தடிகளில் 9 அடி, அதாவது 2.74 மீற்றர் நீளமானதே பொதுவானது. சிற்றோடைகளுக்கு 6 முதல் 7½ அடி வரையிலான தடிகளும், ஏரிகளுக்கும் அகன்ற ஆறுகளுக்கும் 10, 11 அடித் தடிகளும் உள்ளன.

நீளத்தின் முதற்பயன் உயரம். நீர்மட்டத்திலிருந்து கை ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், தடி செங்குத்தாக நிற்பதாகவும் கொள்வோம். 7 அடித் தடியின் முனை ஏறக்குறைய 3.6 மீற்றர் உயரத்தில் இருக்கும். 9 அடித் தடியின் முனை 4.2 மீற்றரிலும், 11 அடித் தடியின் முனை 4.8 மீற்றருக்குச் சற்று மேலும் இருக்கும். முனை உயர உயர, நீரை விட்டு எழும் நூல் அதிகம். எனவே 'டி' வளையம் பெரிதாகின்றது, நீரில் ஒட்டிக் கிடக்கும் நூல் குறைகின்றது. தடியை வளைக்கும் எடை கூடுகின்றது.

இரண்டாவது பயன் முனை கடக்கும் தூரம். கை 60 பாகை திரும்பும்போது, தடியின் வளைவைக் கணக்கில் எடுக்காவிட்டால், 7 அடித் தடியின் முனை 2.2 மீற்றரும், 9 அடித் தடியின் முனை 2.9 மீற்றரும், 11 அடித் தடியின் முனை 3.5 மீற்றரும் கடக்கும். தூரம் கூடினால், நூலை ஆறுதலாக வேகப்படுத்த இடம் கிடைக்கும். வீசியபின் நீரோட்டம் நூலை இழுத்துச் செல்லாமல் தூக்கிவைப்பதற்கும் நீண்ட தடி உதவும்.

ஆனால் நீளம் இலவசமாகக் கிடைப்பதில்லை. தடி ஒரு நெம்புகோல். கை பிடிக்கும் இடம் அதன் அடியில் இருப்பதால், நீளம் கூடக்கூட மணிக்கட்டிலும் முழங்கையிலும் ஏறும் பாரமும் கூடும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் 11 அடித் தடியை அரைமணி நேரம் வீசினால் கை தளர்ந்து, நிறுத்தம் மழுங்கிவிடும். நிறுத்தம் மழுங்கினால் வீச்சே இல்லை. மேலும், தாழ்ந்த கிளைகளின் கீழே நீண்ட தடியை உயர்த்தவே முடியாது. அங்கே 7 அல்லது 8 அடித் தடியைப் பக்கவாட்டில் சாய்த்து, 'டி' வளையத்தை நீருக்கு மேலே படுக்கவைத்தாற்போல் அமைத்து வீசுவதே வழி.

சுருங்கச் சொன்னால், சரியாக வீசுபவருக்கு நீளம் மேலும் சில மீற்றர்களைத் தரும். காத்திருக்கவும் நிறுத்தவும் அறியாதவருக்கு அது எதனையும் தராது.

ஸ்பே ஆற்றின் பாடம்

நீண்ட தடிக்கும் உருள்வீச்சுக்கும் உள்ள உறவு ஸ்கொட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் முழுமை பெற்றது. ஆறு அகன்றது, வேகமானது. கரைகளோ பல இடங்களில் செங்குத்தானவை, மரங்கள் அடர்ந்தவை. சல்மன் மீனோ தூரத்தில் கிடக்கும். பின்னால் இடமில்லை, ஆனால் முன்னே நெடுந்தூரம் வீசவேண்டும். இந்நெருக்கடியிலிருந்தே 19ஆம் நூற்றாண்டில் ஸ்பே வீச்சு என்னும் முறை வளர்ந்தது. இடமின்மையைக் குறைகூறிக்கொண்டு நில்லாது, இருக்கும் இடத்துக்கேற்ற முறையைக் கண்டவர்களின் கதை எமக்கும் பிடிக்கக்கூடியதே.

உருள்வீச்சில் நூல் கிடந்த இடத்திலேயே நங்கூரம் இருக்கும். ஸ்பே வீச்சில் நூலைத் தூக்கி, பக்கத்தில் புதிய இடத்தில் நங்கூரத்தை வைத்து, வளையத்தைப் பின்னோக்கி வேகமாகத் தள்ளி, உடனே முன்னே வீசுவர். அதனால் திசையையும் மாற்றலாம். அக்காலத்தில் தென்னமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்த கிறீன்ஹார்ட் என்னும் வைரம் பாய்ந்த மரத்தால் செய்த மிக நீண்ட தடிகளை இருகைகளாலும் பிடித்து வீசினர். பின்னர் பிளந்த மூங்கிலும், இரண்டாம் உலகப்போரின் பின் கண்ணாடி இழையும், 1970களில் காபன் இழையும் வந்தன. காபன் இழையின் வரவால் தடிகள் மிகவும் இலேசாயின. இன்று இருகைத் தடிகள் பெரும்பாலும் 12 முதல் 15 அடி வரை நீளமானவை. மேற்கை தள்ள, கீழ்க்கை வயிற்றை நோக்கி இழுக்கும். இரு கைகள் பகிர்ந்துகொள்வதாலேயே அந்நீளத்தைத் தாங்க முடிகின்றது.

ஆனால் வொண்டில் ஆறு ஸ்பே அன்று. இங்கே ஏழெட்டு மீற்றர் வீச்சே பெரும்பாலும் போதும். ஸ்பே ஆற்றின் தடியை இங்கே கொண்டுவருவது ஒழுங்கைக்குள் லொறியை ஓட்டுவது போன்றது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

தடிக்குக் கொடுக்கும் கவனத்தை நூலுக்கும் கொடுக்கவேண்டும். தடியின் கைப்பிடிக்கு மேலே ஓர் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். அது எந்த எடையுள்ள நூலுக்கு உரியது என்பதைக் காட்டும். ஐந்தாம் இலக்க நூலின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் எடையுள்ளது. ஐந்தாம் இலக்கத் தடிக்கு நான்காம் இலக்க நூலைப் போட்டால் தடி போதியளவு வளையாது. பழகுபவர் உருள்வீச்சில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூலின் வடிவமும் வேறுபடும். ஒருவகை நூல் நடுப்பகுதி முழுவதும் ஒரே தடிப்பாகவும், இரு முனைகளிலும் ஒடுங்கியும் இருக்கும். மற்றவகையில் முன்பகுதி மட்டுமே தடிப்பு, பின்பகுதி மெல்லியது. இரண்டாவது வகையில் தடிப்பான பகுதி பெரும்பாலும் 9 முதல் 12 மீற்றர் வரையே. அது தடிமுனையைத் தாண்டி வெளியே சென்றபின், பின்னாலுள்ள மெல்லிய நூலால் அதனை உருட்ட முடியாது. உருள்வீச்சுக்கு முதல்வகையே இலகு. ஒருமுனை தேய்ந்தால் மறுமுனையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் செலவும் மிச்சம். மிதக்கும் நூலையே வாங்கவேண்டும். அமிழும் நூலை உருட்டுவது அனுபவசாலிகளுக்கே கடினம்.

ஆகவே வளர்ந்தவருக்கு 9 அடி, ஐந்தாம் இலக்கத் தடியும், சிறுவருக்கு 8 அடி அளவிலான இலேசான தடியும், அவற்றுக்குப் பொருந்திய மிதக்கும் நூலும் போதும். பழைய தடியாயினும் வெடிப்பின்றி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஒரு பருவம் முழுவதும் வீசிப் பழகிய பின்னரும் நீளம் போதவில்லை என்று தோன்றினால், அப்போது 10 அடியைப் பற்றி யோசிக்கலாம்.

பயிற்சியும் பாதுகாப்பும்

உருள்வீச்சை நீரில்தான் பழகவேண்டும். புல்வெளியில் நூலைப் பற்றிப் பிடிக்க எதுவுமில்லை. பூங்காவில் பழகுவதாயின், எழுதும் அட்டையின் கவ்வியில் தங்கூசியின் முனையை மெல்லச் செருகி, அட்டையைப் பத்து மீற்றர் முன்னே வைத்து வீசிப் பார்க்கலாம். முதல் நாட்களில் தூண்டில் முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டவேண்டும்.

கண்ணாடியும் தொப்பியும் இன்றி எவரும் வீசக்கூடாது. முள்ளின் பின்நாக்கைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனுக்கும் மனிதருக்கும் காயம் குறையும். வலக்கையால் வீசுபவருக்கு வலப்புறமிருந்து காற்று அடித்தால், முள் அவரது முகத்தை நோக்கியே வரும். அவ்வேளையில் தடியை இடது தோளுக்கு மேலாகச் சாய்த்து, 'டி' வளையத்தை இடப்புறத்தில் அமைத்து வீசவேண்டும்.

காபன் இழைத் தடியில் மின்சாரம் பாயும் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. மேலே செல்லும் மின்கம்பிகளிலிருந்து 30 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் நிற்கவேண்டும். தடி நீளமாயின் ஆபத்தும் அதிகம். நகரத்து ஆற்று நீரில் எலிகளால் பரவும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். கையிலுள்ள கீறல்களை மூடிக்கொள்வதும், உண்ணுமுன் கைகழுவுவதும் அவசியம்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ஜோன் வுல்ப் என்னும் பெண்மணி 1951இல் ஆண்கள் மட்டுமே பங்குபற்றிய தூர வீச்சுப் போட்டியில் கலந்துகொண்டு வென்றார். 1960இல் 161 அடி தூரம் வீசினார். பின்னர் ஆசிரியராகி, பலமன்று, கையசைவின் ஒழுங்கே வீச்சு என்பதைப் பல்லாயிரம் பேருக்குக் கற்பித்தார்.

சட்டமும் மரியாதையும்

இங்கிலாந்தில் ஆறு, ஏரி, வாய்க்கால் எதிலும் தடியால் மீன்பிடிக்க 13 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் சுற்றாடல் முகவரகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 13 முதல் 16 வயது வரையானோருக்கு அது இலவசம். ஆனால் எடுத்தேயாகவேண்டும். பத்திரமின்றிப் பிடிபட்டால் நீதிமன்றம் 2500 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். வதிவிட அனுமதிக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு நீதிமன்ற அழைப்பு எத்தகைய மனவுளைச்சலைத் தரும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. இப்பத்திரம் மட்டும் போதாது. அந்தக் கரைக்கு உரியவரின் இசைவும் வேண்டும். சில பகுதிகள் சங்கங்களுக்கு உரியவை. அறிவிப்புப் பலகையை வாசித்தபின் தடியை விரிப்பதே நன்று. மார்ச் 15 முதல் யூன் 15 வரை ஆறுகளில் சப், பாபல் போன்ற மீன்களைப் பிடிப்பது தடை. ட்றவுட் மீனுக்குரிய தடைக்காலம் வேறானது. ஆண்டுதோறும் அதனைச் சரிபார்க்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிடித்த மீனைக் கறிக்குக் கொண்டுவருவது எமது வழக்கம். இங்கே அப்படியன்று. நஞ்சு கலந்து மடிந்து, மீண்டும் வந்த மீன்கள் இவை. கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தை நோக்கிச் சில கணங்கள் பிடித்து, நீந்தத் தொடங்கியதும் விட்டுவிடவேண்டும். கறிக்கு மீன்கடை இருக்கின்றது.

வாரம் முழுவதும் வேலையும் பள்ளிக்கூடமுமாகத் தனித்தனியே ஓடும் எமது குடும்பங்களில், தந்தையும் பிள்ளையும் இரண்டு மணிநேரம் ஒரே கரையில் நிற்பது எளிதில் வாய்ப்பதன்று. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மெதுவாக இழுத்து, காத்திருந்து, சடுதியாக நிறுத்தும் அந்தக் கையசைவை இருவரும் ஒருவருக்கொருவர் பார்த்துத் திருத்திக்கொண்டால், வீட்டிலுள்ள தடியே போதிய நீளமானதென்பது சில சனிக்கிழமைகளில் தெரிந்துவிடும்.